மிச்சம் சாரின் வண்டிச் சத்தம்

அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே வீடுகளில் ஃபேன் நின்றுவிடும். மாப்பிள்ளை வந்தால் நாற்காலியைத் தட்டிப் போடுவார்கள். இவர் வந்தால் சுவிட்சைத் தட்டி அணைப்பார்கள். பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த வாசல் விளக்கு, ஆளில்லாத அறையில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்த டிவி, எல்லாம் கப்சிப். நாங்கள் உள்ளே போய் உட்காரும்போது வீட்டுக்காரர்கள் நெற்றியில் வேர்வை வழிய, "எங்க வீட்ல எல்லாமே சிக்கனம்தான் சார்" என்பார்கள்.

"நான் போனதும் போடப்போற ஃபேனை இப்பவே போட்டுடுங்கம்மா. எனக்கும் வேர்க்குது" என்பார் அவர்.

ஊரில் எல்லாருக்கும் அவர் மிச்சம் சார். எனக்கு அண்ணன். மின்சார அலுவலகத்தில் அவரும் நானும் ஒரு ஜோடி. வீடு வீடாகப் போய், குறைந்த கரண்டில் ஓடும் விளக்கையும் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் வாங்கச் சொல்வது எங்கள் வேலை. பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஆண் மட்டும் போய் நின்றால் கதவு திறக்காது என்று என்னையும் கூடவே அனுப்பினார்கள். கதவைத் திறக்கவைக்க நான், பிறகு பேச அவர். நான் சும்மா நிற்கிற ரகம் இல்லை என்றாலும், அவர் பேசும்போது குறுக்கே போனதில்லை.

ஒரு மரப்பலகையில் இரண்டு பல்பு மாட்டியிருப்பார். ஒன்று பழைய குண்டு பல்பு, ஒன்று எல்.இ.டி. பக்கத்தில், எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் கையளவு மீட்டர். இரண்டையும் எரியவிட்டு, வீட்டுக்காரம்மாவைக் குண்டு பல்புக்குப் பக்கத்தில் கையை நீட்டச் சொல்வார். சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொள்வார்கள். "வெளிச்சத்துக்குக் காசு குடுக்கிறதா நினைச்சுட்டிருக்கீங்க. பாதிக்கு மேல சூட்டைத்தான் வாங்கிட்டிருக்கீங்க" என்பார். பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி, இழுப்பார். தாள் சுலபமாக வந்துவிட்டால் போச்சு, அந்த ரப்பரின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

தெருவிலும் அதே புத்திதான். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் தன் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி என் வண்டியைப் பார்ப்பார். நானும் அணைத்தாக வேண்டும். பச்சை விழுந்ததும் என் வண்டி கிளம்பாமல் அடம் பிடிக்கும். பின்னால் நிற்பவர்களின் ஏச்சு முழுக்க எனக்கு. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது அவருக்குச் சோற்றைத் தெருவில் கொட்டுவது மாதிரி.

அவருடைய மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். குழந்தை இல்லை. மாடியில் இரண்டு அறை வாடகை வீடு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். "இந்த வீட்ல சுவிட்சுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லம்மா. நான் வாடினா கண்டுக்க மாட்டார், பல்பு மினுக்கினா ஓடி வருவார்" என்று என்னிடம் புகார் சொல்வார். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. தெருவில் யாராவது "மிச்சம் சார் வீட்டம்மா" என்று கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க அண்ணிக்குத் தரையில் கால் பாவாது.

அண்ணிக்கு நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே வந்தது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வையுங்கள், ராத்திரி பகல் எந்நேரமும் ஓடட்டும் என்றார் டாக்டர். வாடகைக்கு எடுத்தார்கள். முழங்கால் உயரத்தில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி. அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அண்ணன் செய்த முதல் காரியம், பையிலிருந்து தன் மீட்டரை எடுத்து அதில் மாட்டியதுதான். கை பழக்கம்.

"எவ்வளவு குடிக்குது?" என்று அண்ணி கேட்டார்.

"நம்ம ஃபிரிட்ஜ் மாதிரி ஏழு ஃபிரிட்ஜ் குடிக்கிறதை இது ஒண்ணே குடிக்குது."

"அப்ப நான் ஏழு ஃபிரிட்ஜுக்குச் சமமா? எங்க அம்மா வீட்ல கூட என்னை இவ்வளவு மதிச்சதில்ல."

மூன்று பேரும் சிரித்தோம். அண்ணிக்குச் சிரிப்பு இருமலாக மாறியது. அண்ணன் குழாயைச் சரிசெய்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் அவர் அந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மாடிப்படிக்கடியில் எல்லா வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கும். அங்கே நின்று கீழ்வீட்டு அக்கா ஒருநாள், "ஊருக்கு உபதேசம் பண்றவர் வீட்டு மீட்டர்தான் இங்க இருக்கிறதுலயே வேகமா ஓடுது" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தார். கேலிதான், விஷம் இல்லை. அண்ணி மேல்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் காலையில் அண்ணன் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி இல்லை.

காரியமெல்லாம் முடிந்து சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. பலகையை மாட்டினார், பல்பை எரியவிட்டார், சூட்டை வாங்குறீங்க என்ற பேச்சைப் பேசினார். ஜனங்கள் வழக்கமான இடத்தில் சிரித்தார்கள். ஒரு சொல் பிசகவில்லை. கால் மரத்துப்போனால் ஊன்றிய தரை தெரியாதே, அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார். சாப்பிட்டீங்களா என்றால் சாப்பிட்டேன் என்பார். என்ன சாப்பிட்டீங்க என்றால் யோசிப்பார். எனக்குப் பயமாக இருந்தது. அழுதுதொலைத்தால் நிம்மதி என்று தோன்றியது. அவர் வீட்டு மூலையில் மெஷின் அப்படியே நின்றது. எடுத்துப்போகச் சொல்லி யாருக்கும் அவர் தகவல் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பரிசு வந்தது. முந்தைய பில்லைவிட எந்த வீட்டில் கரண்ட் செலவு அதிகமாகக் குறைந்ததோ அந்த வீட்டுக்கு அலுவலகம் பரிசு கொடுக்கும். எங்கள் பகுதியில் முதலாவதாக வந்தது மிச்சம் சார் வீடு. புதிதாக மாற்றலாகி வந்த மேடத்துக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் மேஜைக்கே வந்து கைகொடுத்தார்.

"சொல்றதைச் செஞ்சு காட்டியிருக்கீங்க சார். விழாவுல எப்படிக் குறைச்சீங்கன்னு நீங்களே மேடையில சொல்லணும்."

"சரி மேடம்" என்றார் அண்ணன்.

மேடம் போனதும் எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அண்ணே, வேணாம்னு சொல்லுங்க. எதனால குறைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியாதா? மேடையில ஏறி எல்.இ.டி. பல்புன்னு சொல்லப் போறீங்களா?"

"குறைஞ்சது குறைஞ்சதுதானேம்மா" என்றார். "வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. சொல்லணும். பல்புன்னு சொல்லிட்டு இறங்கிடுறேன்."

விழாவுக்கு முந்தைய நாள், மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் தாமாகவே வந்துவிட்டார். புதுப் பலகையைக் கொடுக்க நானும் போயிருந்தேன். கீழ்வீட்டு அக்கா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு படியேறி வந்து வாசலில் நின்றார். மெஷின்காரர் குனிந்து பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சின்னக் கட்டம் ஒன்று அங்கே உண்டு. ஃபில்டர் மாற்ற அந்தக் கணக்கு வேண்டுமாம்.

"சார், ராத்திரிக்கு மட்டும்தான் போட்டீங்களா?"

"இல்லப்பா. எப்பவும் ஓடிச்சு."

"எப்பவும் ஓடியிருந்தா இதைப்போல ரெண்டு மடங்கு காட்டணுமே சார்."

"நான் இருக்கிறப்ப எல்லாம் ஓடிச்சு" என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்ததுபோல அப்படியே நின்றார்.

வாசலில் நின்ற அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

"சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா தம்பி. நீங்க கிளம்பிப் போனதும் அணைச்சிடுவா. ஜன்னல்கிட்ட உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டிருப்பா. தெருமுனைல உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் போட்டுக்கிட்டுப் படுத்துடுவா. நான் எத்தனையோ தடவ திட்டியிருக்கேன். 'ஊருக்கே மிச்சம் சொல்ற மனுஷன் வீட்டு மீட்டர் இப்படி ஓடினா தலைகுனிவு அவருக்குத்தானே அக்கா'ன்னு என்னையே திருப்பிக் கேட்டா. அந்தப் பேச்சை ஆரம்பிச்சதே என் நாக்குதான் தம்பி."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மெஷின்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். எனக்கு அண்ணி மேல்தான் ஆத்திரம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. கௌரவம் காக்க வேறு வழியா இல்லை? மூச்சைக் கொண்டுபோயா மிச்சம் பிடிப்பது?

அண்ணன் மெஷினின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். ஒழுங்காக, வளையம் வளையமாகச் சுற்றி, நுனியைச் செருகிக் கொடுத்தார். "படியில பார்த்து இறக்குப்பா" என்றார். அக்காவிடம், "அழாதீங்கக்கா, உள்ள வாங்க" என்றார். அவர் குரலில் ஒன்றுமே இல்லை.

மெஷின் எந்நேரமும் ஓடியிருந்தால் அண்ணி இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரா, டாக்டரைக் கேட்கலாமா என்றேன்.

"ஆமான்னு சொன்னா என்ன பண்றது?" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் விழா. கூடம் நிறைய ஜனம். பாதிப்பேர் எங்கள் பலகையைப் பார்த்து பல்பு மாற்றியவர்கள். அண்ணன் பேரைக் கூப்பிட்டதும் முன்வரிசையில் யாரோ, "மிச்சம் சார் வர்றார், ஃபேனை அணைங்கப்பா!" என்று கத்த, கூடமே சிரித்தது. கடைசியில் நின்ற ஒருவர் நிஜமாகவே எல்லா ஃபேனையும் அணைத்துவிட்டார். அண்ணன் மைக் முன்னால் போய் நின்றார். கையில் பரிசு, புதுமாதிரி ஃபேன், அட்டைப்பெட்டியோடு. பல்பு என்று சொல்லிவிட்டு இறங்கப் போகிறார், நான் எழுந்து வெளியே போய்விடுவேன் என்று செருப்பைத் தேடினேன்.

"ஃபேனைப் போடுங்க" என்றார்.

போட்டார்கள்.

"பல்பு மாத்துங்க. பழைய ஃபிரிட்ஜை மாத்துங்க. நான் சொன்னதெல்லாம் சரிதான். ஆனா என் வீட்ல குறைஞ்சது அதனால இல்ல. என் வீட்ல ஒரு ஆள் குறைஞ்சுட்டாங்க."

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"என் வண்டிச் சத்தம் கேட்டா நீங்க எல்லாரும் அணைப்பீங்க. என் வீட்ல இருந்தவங்க அப்பத்தான் மூச்சு மெஷினைப் போடுவாங்க. நான் இல்லாத நேரமெல்லாம் அதை அணைச்சு வச்சாங்க. எனக்குத் தலைகுனிவு வரக்கூடாதுன்னு. நோயாளி இருக்கிற வீட்ல அந்த மெஷின் மிச்சக் கணக்குலயே வராது. இதை நான் எந்த வீட்லயும் சொன்னதில்ல. இனிமே முதல்ல இதைத்தான் சொல்லுவேன். எனக்காக யாரும் எதையும் அணைக்காதீங்க."

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரியா சொன்னேனாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன்.

பரிசு ஃபேனைக் கீழ்வீட்டு அக்கா கூடத்தில் அவரே ஏணி போட்டு மாட்டிக்கொடுத்தார். வேலைக்கு வருகிறார். சிக்னலில் திரும்பி என் வண்டியைப் பார்க்கிறார், நான் அணைக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் பலகையை எடுப்பதற்கு முன்னால், "வீட்ல உடம்பு முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார். மற்றபடி அப்படியேதான் இருக்கிறார். இன்னும் அழவில்லை.

ஒன்றே ஒன்று, கீழ்வீட்டு அக்கா சொன்னது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் வண்டியை அணைப்பதில்லையாம். ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி, மேலே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாராம்.