நனைந்தால் நிறம் காட்டும் கல்

ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து சரித்து ஊற்றுகிறார் ஜன்னத் பீவி. சாம்பல் பூத்துக் கிடந்த கிரானைட் பலகை சட்டென்று கறுக்க, உள்ளே காக்காப்பொன் மினுங்குகிறது. "காஞ்ச கல்லப் பார்த்து வாங்காதீங்க. நனைஞ்சாத்தான் அதோட நெசமான முகம் தெரியும். புளி, எலுமிச்சை எது பட்டாலும் கறை விழாது" என்பார், வந்தவர் யாரானாலும்.

பேராவூரணி சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி, அவரும் கணவர் மூஸாவும் நடத்தும் கல் கடை அது. எங்கே தோண்டினாலும் மண்ணே வரும் ஊர். வாசற்படிக்குக்கூடக் கல் வெளியூரிலிருந்து லாரியேறி வரவேண்டும். மகளின் பாடப்புத்தகத்தில் படித்தது ஜன்னத்தின் மனதில் ஒட்டிக்கொண்டது: பூமிக்கடியில் நெருப்புக் குழம்பாகக் கொதித்தது, மேலே வர வழியில்லாமல் அங்கேயே மெல்ல மெல்ல ஆறித்தான் இந்தக் கல் ஆனதாம். கடையில் ஆளில்லாத மதியங்களில் குளிர்ந்த பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்த இருட்டையும் சூட்டையும் நினைத்துக் கிடப்பார். "அவசரமா ஆறியிருந்தா இவ்வளவு பெரிய புள்ளியெல்லாம் வந்திருக்காதுல்ல?"

"உனக்குக் கல்லு விக்கத் தெரியாது, கதை விக்கத்தான் தெரியும்" என்று மூஸா சிரிப்பார்.

ஊருக்கெல்லாம் சமையல் மேடைக்குக் கல் கொடுக்கிறவர் வீட்டில் இன்னும் வெடித்த சிமெண்ட் மேடைதான். லோடு இறங்கும்போதெல்லாம் பிடித்த பலகையில் சாக்பீஸால் தன் பெயரை எழுதி ஓரமாகச் சாய்த்து வைப்பார். யாராவது வந்து அதையே கேட்பார்கள். "அடுத்த லோடுல பார்த்துக்கலாம் ஜன்னத்" என்று மூஸா கொடுத்துவிடுவார். நல்ல மனிதர்தான். வாசலுக்கு வந்தவரிடம் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. வீட்டில் இருப்பவரிடம் மட்டும் வந்துவிடும்.

போன வாரம் வந்த பலகையில் வெள்ளை நரம்பு ஒன்று வாய்க்கால்போல் வளைந்து ஓடுகிறது. விரிசல் என்று பயந்து யாரும் அதைத் தொடவில்லை. ஜன்னத் விரல் முட்டியால் தட்டினார், கணீரென்றது. அப்போதே பெயரை எழுதிவிட்டார்.

இன்று காளியம்மாள் அதன் முன்னே நின்றுவிட்டார். பக்கத்து ஊரில் விவசாயம். புது வீடு கட்டுகிறார். "பாயம்மா, இதுதான் வேணும். தண்ணி ஊத்திக் காட்டுங்க."

கேட்டவருக்கு நிறம் காட்டாமல் ஜன்னத்துக்குப் பழக்கமில்லை. ஊற்றினார். நரம்பு பாலாய் வெளுத்தது. எழுத்து கரைந்து வழிந்தது.

"என்னமோ பேரு எழுதியிருந்துச்சே?"

"அது ஒண்ணுமில்லங்க, அடுத்த லோடுல..." என்று மூஸா ஆரம்பித்தார்.

ஈரக் கல்லில் சாக்பீஸ் பிடிக்காது. ஜன்னத் முந்தானையால் பலகையை நிதானமாக ஒற்றி எடுத்தார். பிறகு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, முன்பைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதினார்.