கைவிலங்கோடு ஒரு மனநலப் பரிசோதனை

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் டிரம் ஓட்டும் சமீருல்லாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. டிரம் சுற்றும் இரைச்சலில் அங்கே எவருக்குமே காது கேட்காது என்பதால், பதினெட்டு வருடமாக அவரோடு எல்லோரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். அந்தக் கொட்டகையில் அவர் பெரிய வாயாடி.

குடோனில் தோல் காணாமல் போனது. "நீதானடா எடுத்தே?" என்றார் ஏட்டு. மேலதிகாரி வாயசைத்தால் தலையாட்டிப் பழகிய சமீருல்லா தலையாட்டினார். வாக்குமூலம் அவ்வளவு சுத்தமாக முடிந்தது.

விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலை அவருக்கு உண்டா என்று நீதிமன்றம் கேட்டது. மருத்துவர் எழுதுவதைப் பொறுத்து ஜாமீனில் வீடு, அல்லது மனநல வார்டு. மனைவி ஹுமேரா வராந்தாவில் நின்றாள்.

மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றாமலே பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். சமீருல்லாவின் கைகளில் விலங்கு. 'பதில் இல்லை' என்று பன்னிரண்டு முறை எழுதினார் மருத்துவர், அழகான கையெழுத்தில்.

கூட வந்த டிரம் தொழிலாளி கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. "சார், கையை அவுத்து வுடுங்க. அவன் பேசுவான்."

"சைகை மொழி சர்டிபிகேட் இருக்கா உங்ககிட்ட?"

"அது இன்னாத்துக்கு சார்? தெனம் அவன்கூட சண்டையே போடறேன்."

கருணை கூர்ந்து விலங்கை அவிழ்த்தார்கள். மூன்று வாரக் காவலில் அடக்கிவைத்த பேச்சு பீறிட்டது. மார்பில் அறைந்தார், காற்றில் ஆட்டோ ஓட்டினார்.

"நான் எடுக்கல, சூப்பர்வைசர் ஆட்டோல ஏத்தனத பாத்தேன்னு சொல்றான் சார்!"

"அடிக்க வர்றான் சார்!" என்று கான்ஸ்டபிள் பாய்ந்தார். மறுபடி விலங்கு.

அறிக்கை தயாரானது: 'பதிலளிக்கும் திறன் இல்லை. கையை விடுவித்தால் ஆவேசம்.' சென்னையில் முப்பது நாள் கண்காணிப்பு. ஆவேசம் அடங்க தினம் ஊசி. எந்த ஊசியும் காதுக்கு இல்லை.

முப்பதாம் நாள் ஹுமேரா போனாள். விலங்கில்லை. சமீருல்லா கையைத் தூக்கினார், விரல்கள் உதறின. ஒரு வார்த்தையும் உருப்பெறவில்லை. மீண்டும் முயன்றார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் சாப், இன்னா சொல்றாருன்னே புரியல. கை கொளறுது."

"அது மருந்தோட வேலைம்மா. பாருங்க, எவ்ளோ அமைதியா இருக்கார்."

இறுதி அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை: 'சிகிச்சை நல்ல பலனளித்துள்ளது. நோயாளி விசாரணைக்குத் தகுதியானவர்.'