லிஃப்ட்காரரின் பாஸ்வேர்டு

அக்காவின் கணவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். அதில் ஓட்ட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "மனுசங்கள ஏத்தி விடறது லேசான வேலையா?" என்பார். இரும்புப் பெட்டிக்குள் ஒரு முக்காலி, ஒரு குட்டி மின்விசிறி, எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று ஒரு பலகை. பதினொரு பேர் ஏறுவார்கள். பிரசவத்துக்கு வந்தவளை உள்ளே விட்டுவிட்டு அவள் அம்மாவை வெளியே நிறுத்த யாருக்கு மனசு வரும்? முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அத்தானுக்கு வாய் வராது. அதைத் தன் தலையெழுத்து என்பாள் அக்கா.

புது லிஃப்டுகள் வரப்போவதாகச் செய்தி வந்தது. வருகிறவர்களே பொத்தானை அமுக்கிக்கொள்வார்கள், ஆள் தேவையில்லை. மருந்துக் கிடங்கில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, ஆன்லைனில் படித்துத் தேறினால் அங்கே போகலாம், தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அத்தான் லிஃப்டிலேயே படித்தார். மாடிகளுக்கு நடுவில் சிக்னல் இருக்காது. போனில் பாடம் நடத்தும் டீச்சரம்மா வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். கதவு திறந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். எந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், காலாவதியானதை எங்கே ஒதுக்க வேண்டும் என்பதையெல்லாம் இப்படித் துண்டு துண்டாகவே கற்றுக்கொண்டார். "உப்பு போதுமான்னு கேட்டா மாத்திரை பேரச் சொல்றாரு" என்று அக்கா என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். அது சந்தோஷத்தில் பட்ட குறை.

பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது என்று முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். எட்டுப் பேர் பலகையை ஜனங்கள் எப்படிப் படிப்பார்களோ அப்படி அதைக் கேட்டுக்கொண்டார் அத்தான்.

அவருடைய கூட்டாளி, ஸ்ட்ரெச்சர் தள்ளும் வார்டுக்காரர். பேர் பதிகிற சமயத்தில் மகனுக்குக் காய்ச்சலென்று லீவில் இருந்துவிட்டார். அடுத்த தடவை சேரும்போது திணறக் கூடாது, இப்போதே பாடங்களைப் பார்த்து வைக்கிறேன் என்று பாஸ்வேர்டைக் கேட்டார். அத்தான் கொஞ்சம் இழுத்திருக்கிறார்.

"வீட்டுச் சாவியவே எங்கிட்ட குடுத்துட்டுப் போறவன் நீ. இதுக்குப் போய் யோசிக்கிறியே மச்சான்."

அதற்கு மேல் என்ன சொல்வது? எங்களுக்குள் ஒளித்து வைக்கிறவனுக்குத்தான் கெட்ட பெயர். அத்தோடு, பாஸ்வேர்டு அக்கா பிள்ளையின் செல்லப் பெயரும் பிறந்த வருஷமும்தான். பிள்ளையைத் தூக்கி வளர்த்த வார்டுக்காரர் கேட்காமலே கண்டுபிடித்திருப்பார். அத்தான் சொல்லிவிட்டார்.

தேர்வை ஒரு தடவைதான் எழுத முடியும். கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எழுதுவதாக இருந்தார் அத்தான். சனிக்கிழமை மத்தியானம், கடைசிப் பாடம்வரை பார்த்து முடித்த வார்டுக்காரர், அதன் கீழே இருந்த பட்டனைத் தன் போனில் அமுக்கினார். பயிற்சிக் கேள்விகள் என்று நினைத்தாராம். கேள்விகள் வந்தன, பதில் போட்டார். பாதியில் திரை கறுத்தது. நெட் போய்விட்டது என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளப் போய்விட்டார்.

மறுநாள் அத்தான் குளித்து, கல்யாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டு, அக்காவையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுப் போனைத் திறந்தார். ஆள்மாறாட்டம், கணக்கு முடக்கப்பட்டது என்று சிவப்பில் ஒரு வரி. என்னைக் கூப்பிட்டார்கள். உதவி எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். அதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னது.

திங்கட்கிழமை அலுவலக மேடம் அவரைக் கூப்பிட்டு, கேமரா எடுத்த படத்தைக் காட்டினார். அதில் ஒரு நெற்றியும் அதற்கு மேலே வார்டுக் கூரையில் ஒரு மின்விசிறியும் இருந்தன. மேடம் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லித்தான் கேட்டார்.

"இது யாருன்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா இன்னொரு தடவ எழுத விடச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன்."

அத்தான் சொல்லிவிட்டார். அந்த வேலைக்கு ஆசைப்பட்டுச் சொன்னார் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். கேட்டவரிடம் மாட்டேன் என்று சொல்ல வராமல்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

மேடமும் பேச்சு மாறாமல் கேட்டுப் பார்த்தார். பாஸ்வேர்டைக் கொடுத்ததே குற்றம், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பயிற்சி நிறுவனம் பதில் அனுப்பியது. வார்டுக்காரர் இனி எந்தப் படிப்பிலும் சேர முடியாது; அவருக்கு ஒரு மெமோவும் வந்தது. கிடங்கு வேலை வேறு யாருக்கோ போனது. புது லிஃப்டுகள் வரும்வரைதான் அத்தானுக்கு வேலை.

"எல்லாருக்கும் பாஸ் பண்றதாலதான் அதுக்குப் பாஸ்வேர்டுன்னு பேருன்னு நெனச்சிட்டாரு போல" என்றாள் அக்கா. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு வார்டுக்காரர் படியில்தான் ஏறினார். ஆனால் ஸ்ட்ரெச்சர் படியேறாதே. ஒரு நாள் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த ஒரு நோயாளியோடு லிஃப்டுக்குள் வந்தாராம். இருவருக்கும் நடுவில் அந்த மனிதர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இரண்டு மாடி கடந்த பிறகு வார்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போய் நாந்தான்னு சொல்லியிருப்பேன்."

கதவு திறந்தது. லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் எப்போதும் மாட்டும். எப்போதும் போல அத்தான் குனிந்தார்.

"வேணாம், விடு" என்று வார்டுக்காரர் தானே தூக்கி நகர்த்திக்கொண்டு போனார்.