முகவரி சொல்லாதவன்

என் தம்பி லெஸ்டர் யங்ஸ்டவுனில் நகரப் பேருந்து ஓட்டுகிறான். நாற்பத்தாறு வயது. மனிதர்கள் குடியிருக்கும் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கூரை இடிந்து, ஜன்னலில் பலகை அடித்த கட்டடம் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எஃகு ஆலைகள் மூடிய எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?

அவனைப் போன்ற கிறுக்குகள் இருநூறு பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். படம் போடலாம், முகவரி மட்டும் சொல்லக் கூடாது. தெரிந்தால் செம்புக் குழாய் திருடுகிறவர்கள் வந்துவிடுவார்களாம், தீ வைக்கிறவர்கள் வந்துவிடுவார்களாம். இந்த விதியைக் காப்பதில் லெஸ்டரைப் போலப் பிடிவாதக்காரன் எவனும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் எனக்கே சொல்ல மாட்டான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"வெளியில."

"வெளியிலன்னா எங்க?"

"உன்கிட்ட சொன்னா நீ பிங்கோ ஆடற கிளப்பு பூரா தெரிஞ்சுடும்க்கா."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் போனான். மதியம் ஒரு மணிக்கு அவனுக்கு வேலை. மூன்று மணிக்கு டிப்போவிலிருந்து போன் வந்தது, ஆள் வரவில்லை என்று. இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் தாமதமாகப் போனதில்லை. அவன் செல்போன் அணைந்து கிடந்தது.

போலீஸைக் கூப்பிட்டேன். "எந்தக் கட்டடம்மா?" என்றார் அவர். தெரியாது என்றேன். "ஊர்ல ஆயிரக்கணக்குல காலியா கிடக்கே, எதுலன்னு போய்த் தேடறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவம். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வெளியே உறைபனிக் குளிர். இன்னும் இரண்டு மணி நேரத்தில் இருட்டிவிடும்.

அவன் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. காலை ஒன்பதரைக்குக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். பச்சை ஓடு பதித்த சுவர், வளைந்து ஏறும் மாடிப்படி, அவ்வளவுதான். அதன் கீழே, நான் அவனுடைய அக்கா, அவனைக் காணோம், இது எந்த இடம் என்று எழுதினேன். உடனே பதில்கள் வந்தன.

"லெஸ்டர் கணக்கை எவனோ திருடிட்டான். யாரும் பதில் போடாதீங்க."

"அக்காவாம்! போன மாசம் ஒருத்தன் சித்தின்னு வந்தான்."

கெஞ்சினேன். திட்டினேன். என்னைக் குழுவை விட்டே தூக்கிவிட்டார்கள். இடம் தெரிந்தவர் யாராவது இருப்பார்களா என்று அவனுக்கு வந்த பழைய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒன்றில் கை நின்றுவிட்டது. வில்மா ஹோர்வத் என்ற பெண் எழுதியது. என் மகனைக் காணவில்லை, நீங்கள் போட்ட இந்தப் படத்தைத்தான் கடைசியாகச் சேமித்து வைத்திருக்கிறான், இது எந்த இடம், தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று எண்ணும் கொடுத்திருந்தாள். என் தம்பி பதில் எழுதியிருந்தான்: "இந்தத் தந்திரமெல்லாம் எங்களுக்குப் பழசும்மா."

இவளையா கேட்பது என்று கூசியது. ஆனால் அப்படி மகனைத் தேடியவள், ஊரிலுள்ள பாழடைந்த கட்டடங்களில் பாதியையாவது ஏறி இறங்கியிருப்பாள். கூப்பிட்டேன். படத்தை அனுப்பினேன்.

"யார் எடுத்தது?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை. "லெஸ்டர் பாஸ்கோ. என் தம்பி" என்றேன்.

போனை வைத்துவிடப் போகிறாள் என்று எனக்கு உயிர் போனது.

"கார்வர் தெரு, பழைய நர்ஸ் பள்ளிக்கூடம்" என்றாள். "முன்வாசல் அடைச்சிருக்கும். பின்னாடி கொதிகலன் ரூம் வழியா போகச் சொல்லுங்க. மூணாவது மாடில தரை பூரா உளுத்துக் கெடக்கு. சீக்கிரம்மா. நான் அந்தப் படத்துல இருந்த எடத்தைக் கண்டுபிடிச்சு என் பையன்கிட்ட போறதுக்குள்ள ஒன்பது நாள் ஆயிடுச்சு."

நான் கூப்பிட்டுச் சொன்னதும் போன தீயணைப்புக்காரர்கள் அவனை இரண்டாவது மாடியில் கண்டெடுத்தார்கள். மூன்றாவது மாடித் தரை உடைந்து கீழே விழுந்து, தொடை எலும்பு முறிந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அட்ரஸ சொன்னது யாரு?"

அறையலாம் போலிருந்தது. "வில்மா ஹோர்வத்" என்றேன்.

அவனுக்கு அந்தப் பெயர் மறந்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"அவங்க பையன்..."

"செத்துட்டான்டா. அன்னிக்கு நீ சொல்லாம விட்ட அந்த எடத்துலதான்."

"நீ கேட்டது எனக்காகன்னு அவங்களுக்குத் தெரியாதில்ல?" என்றான்.

"தெரியும். உன் பேரைச் சொன்னப்புறம்தான் அவங்க அட்ரஸ சொன்னாங்க."