புதன்கிழமைக் கூடாரம்

லோர்னா ஹாகனுக்கு எப்போதுமே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. புருஷன் வர்ஜில் வசந்தத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அது முற்றிவிட்டது. இலையுதிர்காலம் வந்தால் கூட்டாளிகளைச் சேர்த்து எல்க் மான் வேட்டைக்குக் காட்டுக்குக் கூட்டிப் போனவன் அவன்தான். "இந்த வருஷம் விட்டுடலாமே" என்று அவர்கள் இழுத்தார்கள். ஒரு வருஷம் விட்டால் அப்புறம் ஒன்றுகூடவே மாட்டார்கள், வர்ஜில் பேரும் அதோடு போய்விடும் என்று லோர்னா பயந்தாள். "நான் நடத்துறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அமெரிக்காவின் வடக்கே, கனடாவை ஒட்டிய மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் ஒருத்தனுக்கும் நிம்மதி இல்லை. வேட்டைச் சீட்டு வாங்கியாச்சா, காட்டில் ஆள் தெரியப் போடும் ஆரஞ்சுச் சட்டை எங்கே, பனியில் வழுக்காமல் டயருக்குச் சங்கிலி இருக்கா என்று போன் மேல் போன். வர்ஜிலின் தம்பி ஹார்லன் நொந்துபோனான்.

"லோர்னா, நீ போடுற சத்தத்துல மான் எல்லாம் கனடாவுக்கு ஓடிரும். கொஞ்சம் மூச்சு விடேன்."

"நீ பேசாத. துப்பாக்கிய எடுத்துட்டு தோட்டாவ வீட்ல வச்சுட்டு வந்த ஆளுதானே நீ?"

வர்ஜில் செய்ததில் ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை போவார்கள். அவன் மட்டும் புதன்கிழமையே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, தன்னந்தனியாகப் போய்க் கித்தான் கூடாரம் அடித்து உட்கார்ந்துகொள்வான். "என் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காமத்தானே ஓடுற?" என்று வருஷம் தவறாமல் அவள் சண்டை பிடிப்பாள். இந்தத் தடவை அந்தக் கூத்து வேண்டாமென்று, புதனும் வியாழனும் வீட்டிலேயே இருந்து பானை பானையாக மான்கறியும் பீன்ஸும் வேகவைத்தாள்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினால், ஓடைக்கு மேலே அவர்கள் வழக்கமாகத் தங்கும் சமதரையில் யாரோ வெளியூர்க்காரர்களின் கூடாரம் நின்றது. அரசாங்கக் காடு, முதலில் கூடாரம் அடித்தவனுக்குத்தான் இடம். சண்டைக்குப் போகவும் வழியில்லை.

"வர்ஜில் புதன்கிழமை வந்தது இடம் பிடிக்கத்தான்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று ஹார்லன் மேல் பாய்ந்தாள்.

"நீ யாரையாவது அனுப்பியிருப்பன்னு நெனச்சேன். நீ எங்கள வாயத் தெறக்க விட்டாத்தானே!"

கீழே சேற்றுச் சரிவில் தங்கினார்கள். படுத்தவர்கள் உருண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு மானும் கண்ணில் படவில்லை. "அடுத்த வருஷம் நான் மச்சான் பண்ணைக்கே வேட்டைக்குப் போயிடறேன்" என்று பழைய கூட்டாளி எம்மெட் முனகியது லோர்னாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈரக் கித்தானை மடிக்கும்போது ஹார்லனிடம் கேட்டாள். "இடம் பிடிக்கத்தான் போறேன்னு அந்த மனுஷன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, ஹார்லன் போகட்டும்னு என்னை வெரட்டியிருப்ப. எனக்குக் கரடின்னா நடுக்கம். அவனுக்கும்தான். ராத்திரி கூடாரத்துல படுக்கவே மாட்டான், வண்டிக்குள்ள பூட்டிக்கிட்டுத்தான் தூங்குவான். உன்னையும் கூப்பிடுவானாமே?"

கூப்பிட்டான். ஒவ்வொரு புதன்கிழமையும் வண்டியைக் கிளப்பிவிட்டு, "நீயும் வாயேன்" என்பான். கிண்டல் பண்ணுகிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒரு தடவையாவது ஏறி உட்கார்ந்திருக்கக் கூடாதா? கித்தானை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

ஆண்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் புதன்கிழமை நான் வந்துடுவேன்."

"தனியாவா? வேணாம், நானும் லீவு போடறேன்" என்றான் எம்மெட்.

"வேணாம். நீங்க வெள்ளிக்கிழமை வந்தாப் போதும். ஆனா எல்லாரும் வந்துரணும்."

எம்மெட் கித்தானின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். "வந்துடறோம்" என்றான்.