பட்டியலில் ஏறாத கிணறு

காலைச் செய்தித்தாளில் ஒரு மூலைச் செய்தி. எங்கோ கடலுக்கு நடுவே, ஒரு காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த தீவுகளாம். அங்கே கதிர்வீச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பது எந்த அரசாங்கத்தின் பொறுப்பு என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வெடிப்பதற்கு முன்னால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கில் நைட்ரிக் அமில வாடை வந்து உட்கார்ந்துகொண்டது.

அது மைசூர் வாடை. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஓர் அரசு ஆய்வகத்தில் தற்காலிக ஊழியனாக இருந்தேன். பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் வெள்ளைக் கேன்களை அமிலம் விட்டுக் கழுவுவதுதான் முக்கால்வாசி வேலை. வேதியியல் பட்டதாரி அல்லவா, அதையே மிடுக்காகச் செய்வேன். சட்டையில் அமிலம் பட்டு விழுந்த ஓட்டைகளைக்கூட மறைக்காமல் பெருமையாகத் திரிந்தேன்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வருவார்களே. அதற்குள் வெள்ளையாகத் தொங்கும் சின்ன வலைப்பைதான் மேண்டில். அதைத் தோரியத்தில் தோய்த்துச் செய்வார்கள். தோரியத்துக்குக் கதிர்வீச்சு உண்டு. நஞ்சன்கூடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி மேண்டில் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை இருந்து, மூடிப்போனது. கழிவை வளாகத்துக்குள்ளேயே புதைத்திருந்தார்கள். சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீரில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று அளக்க எங்களை அனுப்பினார்கள்.

மதிலை ஒட்டிக் கொஞ்சம் குடிசைகள். தர்மபுரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள். தமிழன் என்பதால் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். நானும் அட்டையும் பேனாவுமாக ஜீப்பிலிருந்து குதித்து, "சர்வேக்கு வந்திருக்கோம். இங்க கிணறு இருக்கா?" என்றேன். தண்ணீர் பார்க்க வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் சனியன் சர்வே என்றுதான் வந்தது. புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இன்று நிலத்தை அளப்பார்கள், நாளை குடிசையைப் பிரிக்கச் சொல்வார்கள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தார். பெயர் செல்வி என்று பிற்பாடு தெரிந்தது. "கெணறெல்லாம் கெடையாது சார். லாரித் தண்ணிதான். வேல முடிஞ்சா நாங்களே போயிருவோம்" என்றார். அவருக்குப் பின்னால் கீற்றைப் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். விறகு என்று நினைத்துக்கொண்டு, படிவத்தில் 'கிணறு இல்லை' என்று அழகாக எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அங்கே சோதனைக்கு மண் எடுக்கப் போனபோது செல்வி அக்கா ஜீப்பை மறித்தார். "அன்னிக்குப் பயத்துல பொய் சொல்லிட்டேன் சார். கெணறு இருக்குது. ஃபேக்டரிக்குள்ள என்னத்தையோ பொதச்சிருக்காங்கன்னு மேஸ்திரி சொல்றாரு. இந்தத் தண்ணியிலதான் புள்ளைக்குப் பால்பவுடர் கரைக்கிறேன். பாத்துச் சொல்லுங்க சார்."

ஒரு கேன் நிறைய மொண்டுகொண்டு வந்தேன். எங்கள் அதிகாரி கேனைத் தொடக்கூட இல்லை. கிணறுகளுக்கு எண் போட்ட பட்டியல் மேலே போய்விட்டது, எண் இல்லாத தண்ணீரை எதில் ஏற்றுவது என்றார். குடிநீர் தாலுகா அலுவலகத்தின் பாடு என்று கன்னடத்தில் முடித்தார்: "அது நம்தல்லப்பா." நம்முடையது இல்லையாம். தாலுகா அலுவலகத்திலோ அந்த இடம் கிராமக் கணக்கிலேயே வராது என்றார்கள். கதிர்வீச்சு என்றதும் அங்கேயும் அதே "நம்தல்ல"தான். மூன்று முறை அங்கும் இங்குமாக அலைந்தேன். அதற்குள் கேனுக்குத் தட்டுப்பாடு வந்தது. அலமாரியில் இருப்பதைக் காலிசெய் என்றார் அதிகாரி. செல்வி அக்காவின் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, கேனை அமிலம் விட்டுக் கழுவிக் கவிழ்த்தவன் நான்தான். வேலை நிரந்தரமாகும் என்ற நப்பாசை. வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த முறை அங்கே போனபோது செல்வி அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டார். "குடிக்கலாமா, வேணாமா சார்? ஒரு வார்த்த சொல்லிருங்க."

லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். வேண்டாம் என்றால் எங்கே போவார்? தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"குடிக்கலாம்க்கா" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நிரந்தரமாகாமலே அந்த வேலை போனது. பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மதில் இல்லை, குடிசைகள் இல்லை. அகலமான தெருக்களும் மாடி வீடுகளுமாக ஒரு புது லேஅவுட். கிணறு எந்த வீட்டுக்கு அடியில் போனது என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. செல்வி அக்கா எந்த ஊருக்குப் போனாரோ. அந்தக் குழந்தையின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அது பிழைத்து, வளர்ந்து, எங்காவது நன்றாக இருக்கலாம். அந்தத் தண்ணீரில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். நாங்கள் அளக்கவில்லை.