பதில்கள் போய்ச் சேர்ந்த இடம்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஆராய்ச்சி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். பேருந்துகளில் பயணிகள் விட்டுப்போன பொருள்களை வைத்திருக்கும் அறையில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒற்றைச் செருப்பு ஒன்று வந்துவிட்டால் போதும், அதைத் தொலைத்தவர் எப்படி இறங்கி நடந்து போயிருப்பார் என்று யோசிப்பதிலேயே அவருக்குப் பாதி நாள் போய்விடும். எண் போடுவது, அலமாரியில் அடுக்குவது, கடிதம் அனுப்புவது எல்லாம் என் தலையில். பல நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடமாக இதே கதைதான்.

பொருளில் மின்னஞ்சல் முகவரி ஏதாவது இருந்தால் எழுதிக் கேட்போம். என்ன பொருள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தொலைத்தவர்தான் அடையாளங்களைப் பதிலில் எழுத வேண்டும். சரியாக இருந்தால் ஓர் எண் கொடுப்போம். அந்த எண் இல்லாமல் வாசல் காவலாளி யாரையும் உள்ளே விடமாட்டார். முப்பது நாள் பதில் இல்லையென்றால் கழிவு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஓராண்டாகவே பதில்கள் குறைந்துபோயிருந்தன. இந்த ஜனங்களுக்கு மெனக்கெட்டு எழுதுவதே தண்டம் என்று நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு துணிப்பை வந்தது. உள்ளே ஒரு செயற்கைக் கால். முழங்காலுக்குக் கீழே மாட்டுவது, என் முன்கை நீளம்தான் இருந்தது. பழுது பார்த்த இடத்தின் சீட்டில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் எழுதியிருந்தது. எழுதினேன். மறுபடியும் எழுதினேன். இருபத்தொன்பது நாள் ஆயிற்று, பதிலே இல்லை. மறுநாள் மாலை வண்டி வந்துவிடும்.

ஆராய்ச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. “குடைய மறந்துட்டுப் போலாம். புள்ளையோட காலை எப்படிக்கா விட்டுருவாங்க?” என்று கேட்டார். பெற்றவர்களுக்கே அக்கறை இல்லை, உமக்கு எதற்கு என்று நான் எரிந்து விழுந்தேன்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு வந்திருந்த கொஞ்சநஞ்சப் பதில்களையெல்லாம் திறந்து உட்கார்ந்து படித்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“பதில் பொத்தானை அழுத்தி எழுதினா, நம்ம கடிதமும் அடியில ஒட்டிக்கிட்டு வரும்ல? இதுல ஒண்ணுலகூட இல்லக்கா. எல்லாரும் புதுசா எழுதியிருக்காங்க. பொத்தானை அழுத்தினவங்க எல்லாம் எங்க போனாங்க?”

உடனே அலுவலகக் கணக்கிலிருந்து தன் சொந்த முகவரிக்கே ஒரு கடிதம் அனுப்பினார். கைபேசியில் அதைத் திறந்து பதில் பொத்தானை அழுத்தினார். யாருக்கு என்ற இடத்தில் எங்கள் முகவரி வரவில்லை. வேறொன்று வந்து நின்றது.

அது நான் உண்டாக்கிய முகவரி. போன ஆண்டு அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஒரு மாதம் விடுப்பில் போனேன். தலைமை அலுவலகத்திலிருந்த ஒரு பெண் பதில்களை மட்டும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவளுக்காகத் தனி அஞ்சல்பெட்டி ஒன்று திறந்து, பதில்கள் அங்கே போகும்படி எங்கள் மின்னஞ்சல் அமைப்புகளில் மாற்றிவைத்தேன். வேலைக்குத் திரும்பியதும் அதை அழிக்க மறந்துபோனேன். அந்தப் பெண்ணும் வேறு பிரிவுக்குப் போய்விட்டாள்.

பெட்டியைத் திறந்தோம். படிக்காத பதில்கள் நானூற்றுப் பதினாறு. அந்தச் செயற்கைக் காலைத் தவறவிட்ட தாய் மட்டும் ஆறு எழுதியிருந்தார். முதல் கடிதத்திலேயே உள்ளே நீல உறை, பட்டையில் மகள் ஒட்டிய ஸ்டிக்கர், தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. நான்காவதில், நேரில் வந்ததாகவும் காவலாளி திருப்பி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார். ஆறாவதில் ஒரே வரி: ‘இல்லை என்றாவது பதில் எழுதுங்கள்.’

ஆராய்ச்சி முதல் கடிதத்தை மறுபடி திறந்தார். அந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்தார்.

மறுநாள் காலை தாய் ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழந்தை தானே காலை மாட்டிக்கொண்டு அலமாரி வரை நடந்து போய்த் திரும்பியது. எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

“தப்பு என்னோடதுங்க. பதில் வேற எடத்துக்குப் போற மாதிரி வச்சுட்டு மறந்துட்டேன். மன்னிச்சிருங்க.”

“இன்னிக்கு முடியாதுங்க,” என்றார் அந்தத் தாய். “பாப்பா ஸ்கூலுக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு.” பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மகள் முன்னால் நடக்க, பின்னாலேயே போனார்.

அந்த முகவரியை அழித்தேன். ஆராய்ச்சி மூன்று முறை பதில் அனுப்பிச் சரிபார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மீதி நானூற்றுப் பத்துப் பதில்கள் இருந்தன. அவர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பொருளாகச் சொன்னார். அநேகமாக எல்லாமே வண்டியில் போனவை. உங்கள் பதிலை நாங்கள் பார்க்கவில்லை, தவறு எங்களுடையது, உங்கள் பொருள் இப்போது எங்களிடம் இல்லை என்று நான் எழுதி எழுதி அனுப்பினேன்.

பத்தாவது நிமிடம் ஒரு பதில் எங்கள் பெட்டிக்கே வந்தது. எங்கள் கடிதம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தொலைத்தது கையால் எழுதிய எட்டு நோட்டுப் புத்தகங்கள்.

‘அவை எங்கே போயின?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஆராய்ச்சி என் முகத்தைப் பார்த்தார். கழிவு வண்டி என்று எழுத எனக்கு மனசே வரவில்லை. எழுதினேன்.